தாய் மீன் எங்கிருந்து வந்தது? கரிமேட்டிலிருந்து கொட்டாம்பட்டி வரை

வியாழன், கரிமேடு

சித்தப்பா கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாயை மீன்பாசிக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். ஆனி பிறந்தால் குஞ்சு பார்த்துவைக்க ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார். இந்த வருஷம் நானும் கூடப் போகிறேன். அவருக்கு வேண்டியது ரோகு என்ற கெண்டை மீனின் நல்ல குஞ்சு. வேகமாக வளரும் ரகங்களை உண்டாக்கிவிட்டோம் என்று மீன்வள விஞ்ஞானிகள் சொல்லிவருகிறார்களே, அந்த ரகம் எங்கள் பக்கத்துக் கண்மாய் வரை வந்து சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அன்றன்று பார்த்ததை அன்றன்று எழுதிப் போடுகிறேன்.

முதலில் மீன் மார்க்கெட்டைப் பார்த்துவிடலாம் என்று விடியுமுன்பே மதுரை கரிமேட்டுக்கு வந்தோம். குஞ்சு வாங்குமுன் விலை போகிற மீன் எது என்று பார்க்க வேண்டும் என்பது சித்தப்பாவின் முறை. கடல் மீன் பக்கம் கூட்டம் நெரிந்தது. எங்களுக்கு வேலை நாட்டு மீன் வரிசையில். கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி, ஒரு பாத்திரத்தில் மட்டும் உயிரோடு விரால். ஓரத்தில் ஒருவர் அண்டாவில் அயிரை வைத்திருந்தார். விரல் நீளம் கூட வராத அந்த மீனைத்தான் மதுரைக்காரர்கள் கேட்ட விலை கொடுத்து வாங்குகிறார்கள். வீட்டுக்குப் போனதும் பாலிலோ தேங்காய்ப்பாலிலோ உயிரோடு நீந்தவிட்டு, வயிற்றில் இருக்கும் மண்ணைக் கக்க வைத்து, அப்புறம்தான் குழம்பில் போடுவார்கள். அதற்கு யாரும் வேகத்தைக் கேட்பதில்லை.

ரோகு விஷயம் வேறு. அது எடைக்கு விற்கிற மீன். இரண்டு கிலோவுக்கு மேல் இருந்த ஒன்றைத் தூக்கிக் காட்டிய அக்காவிடம், "இது எந்த ஊரு மீன்க்கா?" என்று கேட்டேன்.

"ஆந்திரா மீன் தம்பி. நம்ம கம்மாய் மீனு இம்புட்டுப் பெருசா வராது. ருசி வேணும்னா நம்ம மீன் வாங்கு, துண்டு வேணும்னா இதை வாங்கு."

நம் மீன் ஏன் அந்த அளவுக்கு வருவதில்லை என்பதை சித்தப்பா டீக்கடையில் ஒரே வரியில் சொல்லிவிட்டார். "அவனுக்கு வருஷம் பூராத் தண்ணி. நமக்குத் தவணைத் தண்ணி."

எங்கள் கண்மாய் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும். தை அறுப்பு வரை வயலுக்குப் பாயும். பங்குனி, சித்திரையில் சேறு தெரியும். மீனுக்குக் கிடைப்பது 5 மாதம், நல்ல மழை என்றால் 6. கார்த்திகையில் விட்ட குஞ்சு பங்குனியில் அரைக் கிலோவைத் தொடுவதற்குள் தண்ணீர் முடிந்துவிடுகிறது. ஒரு கிலோவுக்கு மேற்பட்ட மீனுக்கு ஒரு விலை, அரைக் கிலோ மீனுக்கு வேறு விலை. குத்தகைக்காரனுக்கு லாபமும் நட்டமும் அந்த இடைவெளியில்தான். வேகமாக வளரும் ரகம் மற்ற ஊர்களில் லாபத்தைக் கூட்டும் சமாச்சாரமாக இருக்கலாம். தண்ணீர் சீக்கிரம் வற்றும் மதுரைச் சீமையில் மீன் வளர்ப்பே அதை நம்பித்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஜிலேபியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இது ஆப்பிரிக்க மீன். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று மாதத்திலேயே முட்டையிட ஆரம்பித்துவிடும். குளம் முழுக்கக் குஞ்சாகிப் போய், தீனி பற்றாமல், எல்லாம் உள்ளங்கை அளவிலேயே நின்றுவிடும். இதன் சொந்தக்கார மீன் ஒன்றை வைத்துத்தான் உலகத்தில் பெரிய இனவிருத்தி வேலை ஒன்று நடந்திருக்கிறது. அந்த மீனை வளர்க்கும் பண்ணைக்குப் போகும்போது எழுதுகிறேன்.

வெள்ளி, தேனி ரோடு

வைகை அணைக்குப் போகிற வழியில் நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டியதும் பல்கலை நகர். சித்தப்பாவை வண்டியை நிறுத்தச் சொன்னேன். காமராசர் பல்கலைக்கழகத்தின் வளைவைக் காட்டி, "மரபணுவை மாத்தி வேகமா வளர்ற ரோகுவை இங்கதான் உண்டாக்குனாங்க சித்தப்பா" என்றேன். அவர் நம்பவில்லை. எத்தனையோ முறை இந்த வழியாகக் குஞ்சுப் பையோடு போயிருக்கிறார், ஒருத்தரும் சொன்னதில்லை என்றார்.

மதுரைக்காரர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய கதை இது. இந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டி. ஜே. பாண்டியன் மீன் உயிரியலில் உலகம் அறிந்த பெயர். 1984-ல் அறிவியலுக்கான பட்நாகர் விருது பெற்றவர். அவரும் சக ஆய்வாளர்களும் 1991-லேயே எலியின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவை ஜீப்ரா மீனின் முட்டைக்குள் நுண்ணூசியால் செலுத்திக் காட்டினார்கள். அப்புறம் ரோகுவுக்கு வந்தார்கள். ரோகுவின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவையே பிரித்தெடுத்தார்கள். அது ஓயாமல் வேலை செய்யும்படி வேறொரு தூண்டுப் பகுதியைச் சேர்த்து, மறுபடி ரோகுவுக்குள்ளேயே வைத்தார்கள். வேறு உயிரினத்தின் ஹார்மோன் இல்லை, ரோகுவுடையதே. 2004-ல் வெளியான அந்த ஆய்வில், மரபணு ஏறிய மீன்கள் கூடப் பிறந்த சாதா மீன்களைவிட 4 மடங்குக்கும் மேல் வேகமாக வளர்ந்தன. தின்ற தீனியை உடம்பாக மாற்றுவதிலும் அவை மேல்.

"அப்ப அந்தக் குஞ்சு எங்க கிடைக்கும்?" என்றார் சித்தப்பா உடனே.

கிடைக்காது. மரபணு மாற்றிய மீன் எதையும் வளர்த்து விற்க இந்தியாவில் அனுமதி இல்லை. அந்த மீன் ஆய்வகத்தோடு நின்றது. வெளிநாட்டிலும் இந்த வழி லேசாக இருக்கவில்லை. கனடாவில் அட்லாண்டிக் சால்மனுக்குள் சினூக் சால்மனின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவை வைத்து, 3 வருஷத்தில் வரும் எடையைப் பாதிக் காலத்தில் எட்டும் மீனை உண்டாக்கினார்கள். 1989-ல் தொடங்கிய அந்த வேலைக்கு, உணவாக விற்க அமெரிக்காவில் அனுமதி வந்தது 2015-ல். தப்பிப்போனாலும் பெருகக் கூடாது என்று எல்லாம் பெண்ணாக, மலடாக, மூடிய தொட்டிகளில் வளர்த்தார்கள். அப்படியும் கடைக்காரர்கள் பலர் வாங்க மறுத்தார்கள். 2024 கடைசியில் அந்த நிறுவனம் மீன் வளர்ப்பையே நிறுத்திவிட்டது.

பல்கலை நகரில் நடந்தது பெரிய அறிவு வேலை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எங்கள் கண்மாய் மழைக் காலத்தில் மறுகால் பாயும். மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலுங்கு வழியாகப் போகிற மீன் அடுத்த கண்மாய்க்கும், அங்கிருந்து ஆற்றுக்கும் போகும். அப்படிப்பட்ட தண்ணீரில் மரபணு மாற்றிய மீனை விடுவதற்கு நானும் சம்மதிக்க மாட்டேன். சித்தப்பாவுக்கு வேண்டிய வேகம் வேறு வழியில் வர வேண்டும். அந்த வழி இருக்கிறது. மரபணுவைத் தொடாமல், நல்ல தாய் தகப்பனைப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்க்கும் வழி. ஆட்டுக்கும் மாட்டுக்கும் நம் ஆட்கள் செய்ததைத்தான் மீனுக்கு யாரும் செய்யாமல் இருந்தார்கள்.

வைகை அணையில் அதிக நேரம் இருக்கவில்லை. 71 அடி அணையில் தண்ணீர் கீழே கிடந்தது. கரையில் எடைபோட்டு விற்றுக்கொண்டிருந்த கட்லா நன்றாகவே இருந்தது. அணைக்கு வற்றாத தண்ணீர். கண்மாய்க்காரன் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான்.

சனி, வாடிப்பட்டிப் பக்கம்

இன்றைக்கு இரண்டு குஞ்சுப் பண்ணைகள். இரண்டின் பெயரையும் எழுதப் போவதில்லை.

முதல் பண்ணையில் நாங்கள் போனபோது ஊசி போடும் வேளை. சாயங்காலத்தில் போட்டால்தான் ராத்திரி முட்டையிடும். குளத்தில் வலை இழுத்து, தாய் மீன்களை ஒவ்வொன்றாக ஈரத் துணியில் கிடத்திப் பார்த்தார்கள். பெண் என்றால் வயிறு மெத்தென்று இருக்கும், கழிவாய் சிவந்து உப்பியிருக்கும். ஆண் மீனின் பக்கத் துடுப்பைத் தடவினால் சொரசொரப்பு. வயிற்றை லேசாக அழுத்தினால் பால் மாதிரி விந்து வரும். என்னையும் தடவிப் பார்க்கச் சொன்னார்கள். ஆணின் துடுப்பு விரலில் உப்புத்தாள் போலப் பிடித்தது. பெண்ணுடையது வழுக்கிக்கொண்டு போனது. எடை பார்த்து, வால் பக்கத்துச் சதையில் ஹார்மோன் ஊசி போட்டு வட்டத் தொட்டியில் விட்டார்கள். தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும். ராத்திரியிலேயே முட்டை, மறுநாள் குஞ்சு.

இது நமக்கு இப்போது சாதாரணம். 1957-க்கு முன் கெண்டைக் குஞ்சு வேண்டுமென்றால் வெள்ளக் காலத்தில் வடக்கத்தி ஆறுகளில் வலை கட்டி அள்ள வேண்டும். அதில் நல்லதும் வரும், வேண்டாததும் வரும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை இனங்கள் குளத்தில் தானாக முட்டையிடாது. அந்த வருஷம் ஜூலை 10-ந் தேதி ஒடிசாவில் அங்குல் என்ற ஊரில் ஹீராலால் சௌதுரி, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி போட்டுக் கெண்டையை முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். ஆற்றை நம்பி இருந்த தொழில் அன்றைக்குத்தான் மனிதன் கைக்கு வந்தது.

கைக்கு வந்ததில் ஒரு வினையும் சேர்ந்தே வந்தது. ஆற்றில் யாரோடு யார் சேர்வது என்பதை வெள்ளம் தீர்மானித்தது. பண்ணையில் அதைப் பண்ணைக்காரர் தீர்மானிக்கிறார்.

சித்தப்பா கேட்டார்: "தாய் மீனு எங்கிருந்து வந்ததுண்ணே?"

"நம்ம குளத்து மீன்தான் அண்ணாச்சி. எங்கப்பா காலத்துல கொண்டாந்தது. அதுல இருந்தேதான் வந்துக்கிட்டு இருக்கு."

அவர் மறைக்காமல் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை, உழைப்பாளி. ஆனால் அந்தப் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு ரோகு கிலோவுக்கு 2 லட்சத்துக்கும் மேல் முட்டையிடும். நாலைந்து தாய் இருந்தால் ஊருக்கே குஞ்சு கொடுத்துவிடலாம். அப்படிக் கொடுத்த குஞ்செல்லாம் அண்ணன் தங்கை, ஒன்றுவிட்ட அண்ணன் தங்கை. அவற்றிலிருந்தே அடுத்த தாய், அதிலிருந்து அடுத்தது. நாலு தலைமுறை போனால் ரத்தம் சுருங்கிவிடும். வளர்ச்சி குறையும், முட்டை பொரிப்பது குறையும், நோய் வந்தால் தாங்காது. ஒரே தொட்டியில் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் சேர்த்து முட்டையிடவிடும் இடங்களில் கலப்புக் குஞ்சும் வந்துவிடுகிறது. வாங்குகிறவர் குஞ்சைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இதைவிட என்னை வருத்தியது இன்னொன்று. குளத்தை அரிக்கும்போது பெரிய மீனுக்கு மார்க்கெட்டில் நல்ல விலை, அது கரிமேட்டுக்குப் போய்விடுகிறது. விலை போகாத நடுத்தர மீன் குளத்திலேயே நிற்கிறது. மறு வருஷம் அதுதான் தாய். ஒவ்வொரு வருஷமும் வேகமாக வளர்ந்ததை விற்றுவிட்டு, மெதுவாக வளர்ந்ததைக் குடும்பம் நடத்த வைக்கிறோம். யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. ஆனால் இதுவும் இனவிருத்திதான், பின்னோக்கிப் போகிற இனவிருத்தி.

இதற்கு நேர் எதிரான வேலையைத்தான் புவனேசுவரத்துக்குப் பக்கத்தில் கௌசல்யாகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு நிறுவனம் செய்தது. 1992-ல் தொடங்கினார்கள். நார்வேக்காரர்கள் கூட்டு. அவர்கள் 1970-களின் தொடக்கத்தில் தங்கள் நாட்டின் 40 ஆறுகளிலிருந்து சால்மன் சேகரித்து, குடும்பம் குடும்பமாகப் பிரித்து வளர்த்து, தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்து வெற்றி கண்டவர்கள். ரோகுவுக்கும் அதே முறை. கங்கை, யமுனை, பிரம்மபுத்திரா, சட்லஜ், கோமதி என்று 5 ஆறுகளிலிருந்து மீன் கொண்டுவந்து, பண்ணை மீனையும் சேர்த்துக்கொண்டார்கள். முதலிலேயே ரத்தம் விரிவாக இருக்க வேண்டும் என்பதற்காக.

அப்புறம் நடந்தது பொறுமையான கணக்கு வேலை. ஒவ்வொரு தாய் தகப்பனின் குஞ்சையும் தனித்தனியாக வளர்க்க வேண்டும். ஓரளவு பெரிதானதும் ஒவ்வொரு குஞ்சின் வயிற்றுக்குள்ளும் ஒரு சின்ன எண் வில்லை. மின்கருவியைக் காட்டினால் எண் சொல்லும். எல்லாக் குடும்பத்தையும் ஒரே குளத்தில் கலந்துவிடுவார்கள். ஒரே தண்ணீர், ஒரே தீனி. அறுவடையில் எடை பார்க்கும்போது, இந்த மீன் பெரிது என்பதோடு நிற்பதில்லை. இதன் அண்ணன் தம்பி எப்படி, பாதி ரத்தம் கலந்த சொந்தம் எப்படி என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணித்து, எந்த மீனின் குணம் பிள்ளைக்கு இறங்கும் என்று மதிப்பிடுகிறார்கள். தீனி அதிகம் கிடைத்து ஊதிய மீனுக்கும் பிறவியிலேயே வேகமான மீனுக்கும் வித்தியாசம் இப்படித்தான் தெரியும். மேலானவற்றைப் பொறுக்கி, நெருங்கிய சொந்தம் இல்லாமல் ஜோடி சேர்ப்பார்கள். தலைமுறைக்குச் சுமார் 17 சதவீதம் வளர்ச்சி கூடியது. நாடு விடுதலையடைந்து 50 வருஷம் ஆன 1997-ல் அதற்கு ஜெயந்தி ரோகு என்று பெயர் வைத்து வெளியிட்டார்கள். கட்லாவுக்கும் பின்னால் இதே போல அம்ரித் கட்லா வந்திருக்கிறது.

17 சதவீதம் என்றால் சிறிது போலத் தோன்றும். சித்தப்பாவுக்குப் பண்ணைத் திண்ணையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். உங்கள் கண்மாயில் 400 கிராம் வருகிற மீன், தண்ணீரும் தீனியும் அப்படியே இருந்தால், ஒரு தலைமுறைத் தேர்வில் 468. அடுத்ததில் 548. மூன்றாவதில் 641. கண்மாயில் தண்ணீர் ஒரு நாள் கூடக் கூடுதலாக நிற்க வேண்டியதில்லை. அவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டாவது பண்ணையை நடத்துகிறவர் இளம்பெண். அதே கேள்வியை சித்தப்பா கேட்டதும், உள்ளே போய் ஒரு கணக்கு நோட்டை எடுத்துவந்தார். புவனேசுவரத்தில் தேசிய நன்னீர்த் தாய் மீன் வங்கி இருக்கிறது. அங்கிருந்து வாங்கிய ரசீது முதல் பக்கத்தில் ஒட்டியிருந்தது. அடுத்த பக்கங்களில் குளம் வாரியாகத் தேதி, எடை, எந்தக் குளத்து ஆண் எந்தக் குளத்துப் பெண்ணோடு சேர்ந்தது, எத்தனை முட்டை பொரித்தது. தண்ணீர் பட்டு மை கலைந்த இடத்தில் மறுபடி பென்சிலால் எழுதியிருந்தார்.

"ரெண்டு குளத்து மீனையும் வளர்றப்போ கலக்கவே விடமாட்டேன் ஐயா. இந்தக் குளத்து ஆணை அந்தக் குளத்துப் பெண்ணுக்குத்தான் போடுவேன். பெரிய மீனை வியாபாரி கேட்டாலும் கொடுக்கிறதில்ல. அதுதான் எங்க வித்து."

குஞ்சு விலை மற்ற இடத்தைவிடக் கூட. சித்தப்பா யோசித்தார். யோசிக்க வேண்டிய விஷயம்தான், ஏனென்றால் அந்த நோட்டைத் தவிர அந்தப் பெண்ணின் கையில் ஆதாரம் எதுவும் இல்லை. நெல் விதை மூட்டைக்குச் சான்று அட்டை கட்டித் தருகிறார்கள். மீன் குஞ்சுப் பையில் ஆக்சிஜனும் தண்ணீரும்தான் இருக்கிறது. தாய் எந்த வழி, எத்தனையாவது தலைமுறை என்று ஒரு சீட்டு ஒவ்வொரு பையிலும் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். விஞ்ஞானிகள் பல வருஷம் பாடுபட்டுச் சேர்த்த வேகத்தை, நோட்டு எழுதாத பண்ணை இரண்டு மூன்று தலைமுறையில் கரைத்துவிடும். பெயர் மட்டும் ஜெயந்தி என்று நிற்கும்.

ஞாயிறு, சிங்கம்புணரி ரோடு

மேலூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் மீன்பிடித் திருவிழா என்று கேள்விப்பட்டுப் போனோம். பருவத்துக்குக் கொஞ்சம் பிந்தியது. கோடை மழையில் தண்ணீர் நின்றுவிட்டதால் தள்ளிப் போட்டிருந்தார்களாம். இந்தக் கண்மாயைக் குத்தகைக்கு விடுவதில்லை. அறுப்பு முடிந்து தண்ணீர் இறங்கியதும் சுற்றுப்பட்டி ஊர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு, எல்லாரையும் இறங்கிப் பிடிக்கவிடுவார்கள்.

கரை முழுக்க ஆள். ஊத்தா என்கிற அடியில்லாத கூடை, கச்சா, பரி, வலை என்று மீன்பிடிச் சாமான்கள், ஒன்றும் இல்லாதவர் கையில் சேலைத் துண்டு. ஊர்ப் பெரியவர் கோயிலில் கும்பிட்டு வந்து வெள்ளைத் துண்டை வீசினார். வீசின மறு நொடி ஆயிரம் கால்கள் தண்ணீருக்குள். ஊத்தாவைச் சேற்றில் அமுக்கி, மேல் ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவுகிற வேகத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே மீன் முட்டினால் கூடையில் அதிர்வு தெரியுமாம். எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி முழங்கை வரை கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு விராலைச் செவுளைப் பிடித்து இழுத்தெடுத்தார். அன்றைக்குக் கிடைத்த மீனை விற்கக் கூடாது, வீட்டில் குழம்பு வைக்க வேண்டும். அது ஊர்க் கட்டுப்பாடு.

சித்தப்பா தன் வேலையில் கண்ணாக இருந்தார். கையோடு கொண்டுவந்த தூக்குத் தராசில், பிடித்தவர்களிடம் கேட்டுக் கேட்டு ரோகுவாக நிறுத்தார். பெரும்பாலும் 300-லிருந்து 400 கிராம். யாரும் தீனி போடாத கண்மாய். போன கார்த்திகையில் விட்ட குஞ்சு. அவர் கண்மாயிலும் இதே கதைதான், சாணமும் தவிடும் போட்டதால் கொஞ்சம் கூட.

தீனி விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வேகமாக வளரும் ரகம் காற்றைக் குடித்து வளராது. பசி இருக்கிற மீனுக்குத் தீனி கிடைத்தால்தான் அதன் பிறவிக் குணம் வெளியே தெரியும். அரைப் பட்டினியில் நல்ல ரகமும் சாதா ரகமும் ஏறத்தாழ ஒரே எடையில் நிற்கலாம். கண்மாயில் மீன் தின்பது தண்ணீரில் பச்சையாக மிதக்கும் நுண்ணுயிர்களை. சாணம் கரைத்து அந்தப் பச்சையைக் கூட்டலாம். தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து ஒரே இடத்தில் வைத்துப் பழக்கலாம். நல்ல குஞ்சு வாங்கிவிட்டேன் என்று தீனியைக் குறைப்பவருக்கு அந்தக் குஞ்சால் பிரயோசனம் இல்லை.

திங்கள், கொட்டாம்பட்டி

காலையில் மேலூர்ப் பக்கம் கிஃப்ட் திலேப்பியா என்ற மேம்படுத்திய ரகத்தை வளர்க்கும் ஒரு பண்ணையைப் பார்த்துவிட்டு ஊருக்கு வந்தோம். கரிமேட்டில் சொன்ன ஜிலேபியின் சொந்தம் இதுதான், நைல் ஆற்று மீன். 1988-ல் பிலிப்பைன்சில் தொடங்கினார்கள். எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளின் ஆற்று மீனையும் ஆசியப் பண்ணை மீனையும் கலந்து, ரோகுவுக்குச் சொன்ன அதே குடும்பத் தேர்வு. அந்த வேலையை நடத்திய பன்னாட்டு மீன்வள நிறுவனத்தில்தான் ஆந்திராவின் பாபட்லாவில் பிறந்த மொதடுகு விஜய் குப்தாவும் பணியாற்றினார். ஏழைக் குடும்பங்கள் சிறு குட்டைகளில் மீன் வளர்க்க வழி செய்ததற்காக 2005-ல் உலக உணவுப் பரிசு பெற்றவர். கிஃப்ட் திலேப்பியாவில் ஆண் மீன்தான் வேகம். அதனால் குஞ்சிலேயே ஹார்மோன் கலந்த தீனி கொடுத்து எல்லாவற்றையும் ஆணாக்கிவிடுகிறார்கள். பண்ணையில் மீன் துள்ளிய துள்ளலில் தண்ணீர் கொதிப்பது போல இருந்தது. ஆனால் இதை அரசு அனுமதி வாங்கி, வேலியும் வலையும் போட்ட குளத்தில்தான் வளர்க்கலாம். கண்மாயில் விடக்கூடாது. சித்தப்பாவுக்கு ஆசை வந்தது, நான்தான் அதை எடுத்துச் சொன்னேன். ஏற்கெனவே ஜிலேபி வைகையை ஆக்கிரமித்தது போதும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முடிவு எடுத்தோம். கார்த்திகையில் குஞ்சு வாங்கிக் கண்மாயில் விடுவதை இந்த வருஷத்திலிருந்து நிறுத்துகிறார். இப்போதே இளங்குஞ்சு வாங்கி, தோட்டத்துப் பண்ணைக்குட்டையில் போர்த் தண்ணீரில் வளர்த்து, கண்மாய் நிரம்பும்போது சாண் அளவு மீனாக விடுவது. அதனால் மட்டுமே மீனுக்கு நாலைந்து மாத வயது முன்கூட்டிக் கிடைத்துவிடும். ஆந்திராக்காரர்கள் குஞ்சை முதலில் நெருக்கமாக ஒரு வருஷம் வைத்திருந்து பிறகு பெரிய குளத்தில் விடுவதும் இதே யோசனைதான்.

குஞ்சு எங்கே வாங்குவது? சித்தப்பா இரண்டு பண்ணையிலும் வாங்கப் போகிறார், பாதிப் பாதி. நோட்டைப் பார்த்து நம்பிக்கை வந்திருக்கிறது, ஆனால் தன் தண்ணீரில், தன் தராசில் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார். அது சரியான புத்தி. இரண்டையும் தனித்தனிக் குட்டையில் வளர்த்தால் ஒரு குட்டை நல்ல குட்டையாக அமைந்துவிடும், ஒப்பிட முடியாது. அதனால் ஒரே குட்டையில், ஒரே நாளில், ஒரே அளவுக் குஞ்சாக விட வேண்டும். அடையாளத்துக்கு ஒரு பண்ணைக் குஞ்சுக்கு இடது வயிற்றுத் துடுப்பில் பாதி, இன்னொன்றுக்கு வலது துடுப்பில் பாதி, சின்னக் கத்தரியால் வெட்டிவிடுவது. ஒன்றை மட்டும் வெட்டினால் வலியும் நோயும் ஒரு பக்கமே சேரும். இரண்டையும் வெட்டினால் கணக்கு நேர். வெட்டியதும் பெர்மாங்கனேட் கரைத்த தண்ணீரில் முக்கி விட வேண்டும். துடுப்பு திரும்ப முளைக்கும் என்பதால் மாதம் ஒரு முறை ஐம்பது மீனையாவது பிடித்துப் பார்த்து, மங்கினால் மறுபடி வெட்ட வேண்டும். அப்போதே எடையையும் எழுதிவிடலாம். கார்த்திகையில் கண்மாய்க்கு மாற்றும்போது ஒரு எடை, பங்குனியில் கடைசி எடை.

சித்தி பழைய பால் கணக்கு நோட்டு ஒன்றைக் கொடுத்தார். சித்தப்பா முதல் பக்கத்தில் கட்டம் போட்டு, இடது, வலது என்று எழுதினார். அப்புறம் இரண்டாவது பண்ணைக்குப் போன் போட்டு, குஞ்சு எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, இப்படி ஒரு சோதனை செய்யப் போகிறேன், உன் குஞ்சு தோற்றாலும் வெளியில் சொல்லுவேன், சம்மதமா தாயி என்று கேட்டார்.

"சொல்லுங்க ஐயா. தோத்தா எத்தனை கிராம்ல தோத்துச்சுன்னு மாசா மாசம் எனக்கும் சொல்லிடுங்க. எந்தக் குளத்துத் தாயோட குஞ்சுன்னு பார்த்து, அடுத்த வருஷம் அந்த ஜோடியைப் போடாம விட்டுருவேன்" என்றார் அந்தப் பெண்.

வெள்ளிக்கிழமை குஞ்சு வருகிறது.